கயிற்றைக் கட்டியவர்கள் யார்? ‘தி வாக்’ படம் பார்த்தவர்களிடம் ஒரு கேள்வி

நீர்க்கோடு எழுதியது:

வணக்கம். ராபர்ட் ஜெமெக்கிஸ் இயக்கத்தில் 2015-ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி வாக்’ திரைப்படத்தைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை என் தந்தையுடன் வீட்டில் பார்த்தேன். பிரெஞ்சுக் கம்பிநடைக் கலைஞர் பிலிப் பெத்தி, 1974 ஆகஸ்ட் 7 அன்று காலை, நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்து இரட்டைக் கோபுரங்களின் உச்சிகளுக்கிடையே எவருடைய அனுமதியும் இல்லாமல் எஃகு வடம் கட்டி நடந்த நிகழ்ச்சியைச் சொல்லும் படம் அது. தரையிலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரம். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கிடையாது, கீழே வலையும் கிடையாது.

என் தந்தை மின்வாரியத்தில் லைன்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெத்தியாக நடித்த ஜோசப் கார்டன்-லெவிட் முதல் அடியை எடுத்து வைத்தபோது நான் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அப்பாவோ முன்னால் சாய்ந்து, நடப்பவரின் கால்களைக்கூடப் பாராமல், வடத்திலிருந்து பக்கவாட்டில் பிரிந்து போகும் கயிறுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: “நடந்தவர் யாரென்று சொல்லிவிட்டார்கள். கட்டினவங்க யாரு?” படத்தில் நண்பர்கள் வருகிறார்களே என்றேன். “வர்றாங்க. ஆனா அந்த ராத்திரி முழுக்க அவங்க செஞ்ச வேலையைப் பத்து நிமிஷத்துல முடிச்சுட்டாங்களே” என்றார்.

அன்று முதல் அவருடைய கேள்வி எனக்கும் தொற்றிக்கொண்டது. கோபுர உச்சியில் அந்த இரவு நடந்தது படத்தில் காட்டியபடிதானா, நண்பர்களுடைய பங்கு உண்மையில் எவ்வளவு, நடை முடிந்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பதை, இதே நிகழ்ச்சியைப் பற்றி வந்த ஆவணப்படத்தைப் பார்த்தவர்களும் இத்தகைய வேலையைத் தொழிலாகச் செய்பவர்களும் சொன்னால், அப்பாவுக்குப் படித்துக் காட்டுவேன்.

இரும்புவடம் எழுதியது:

உங்கள் தந்தையாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். துறைமுகத்தில் பாரம் தூக்கும் பிரிவில் ரிக்கராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்களில் யார் அந்தப் படத்தைப் பார்த்தாலும் கண் முதலில் போகிற இடம் அதுதான்.

முதலில் வடத்தை எப்படி மறுபக்கம் கொண்டு போனார்கள் என்பதைப் பார்ப்போம். வடக்குக் கோபுரத்தின் உச்சியில் இருந்த ஜான்-லூயி ப்ளோந்தோ, மெல்லிய மீன்பிடி நரம்பைக் கட்டிய அம்பொன்றை வில்லில் பூட்டித் தெற்குக் கோபுரத்தை நோக்கி எய்தார். இருட்டில் அந்த நரம்பு எங்கே விழுந்தது என்று கண்ணுக்குத் தெரியாததால், தெற்குக் கோபுரத்தில் இருந்த பெத்தி தன் உடைகளைக் களைந்துவிட்டு, வெற்றுத் தோலில் நரம்பு உரசுகிறதா என்று தடவித் தேடினார். படத்தில் இதைப் பார்க்கும்போது கதைக்காகச் சேர்த்த வேடிக்கை என்றுதான் தோன்றும். ஆனால் அது உண்மையில் நடந்தது. நரம்பின் முனையில் சற்றே தடித்த கயிறு, அதன் முனையில் அதைவிடத் தடித்த கயிறு என்று மாற்றி மாற்றி இழுத்து, கடைசியில் எஃகு வடத்தை இழுத்தார்கள். ஆற்றின் குறுக்கே கம்பி இழுத்த அனுபவம் உங்கள் தந்தையாருக்கு இருந்தால் இந்த முறையை உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

தொல்லை அதன் பிறகுதான் வந்தது. வடத்தின் எடை ஏறத்தாழ 200 கிலோ. ஓர் ஓரத்திலிருந்து வடத்தை விடுகிறவர்கள் பிடியைச் சற்றுத் தளர்த்திவிட்டால், வெளியே தொங்கும் பகுதியின் எடை கூடக் கூட அது உள்ளே இருக்கும் பகுதியையும் தானாகவே இழுத்துக்கொண்டு ஓடும். ஒரு கட்டத்துக்கு மேல் எந்தக் கையாலும் அதை நிறுத்த முடியாது. அன்று அப்படித்தான் ஆயிற்று. வடம் இரண்டு கோபுரங்களுக்கும் நடுவே ஆழமாகத் தொங்கிவிட, அதை வடக்குக் கோபுரத்திலிருந்து மணிக்கணக்கில் கையால் மேலே இழுத்தார்கள். உடன் இருந்தவர் இடையிலேயே கைவிட்டுவிட, ஜான்-லூயியின் தோளில்தான் பெரும்பாரம் விழுந்தது. படம் இந்தக் கட்டத்தைக் காட்டாமல் விடவில்லை, ஆனால் விறுவிறுப்புக்காகச் சுருக்கிவிட்டது. எங்கள் வேலையில் விறுவிறுப்பு என்று ஒன்றும் கிடையாது. ஒரு முழம் இழு, நிறுத்து, பூட்டு, மூச்சு வாங்கு, மறுபடியும் ஒரு முழம் இழு என்று அப்படியேதான் விடியும்.

இனி உங்கள் தந்தையார் பார்த்துக்கொண்டிருந்த பக்கக் கயிறுகள். கம்பிநடைக்காரர்கள் அவற்றைக் ‘கவலெட்டி’ என்று அழைப்பார்கள். மின்கம்பம் சாயாமல் இருக்க ஸ்டே கம்பி என்ன செய்கிறதோ, ஏறக்குறைய அதே வேலையைத்தான் இவை வடத்துக்குச் செய்கின்றன: காலடி விழும்போது வடம் பக்கவாட்டில் ஊஞ்சலாடாமலும் உருளாமலும் பிடித்து நிறுத்துகின்றன. ஊர் மைதானத்தில் என்றால் அவற்றைத் தரையில் முளை அடித்துக் கட்டிவிடலாம். அங்கே தரை 400 மீட்டர் கீழே கிடக்கிறது. ஆகவே அந்தக் கயிறுகளையும் அதே இரண்டு கட்டடங்களில்தான் கட்டியாக வேண்டும். இழுக்கும் கோணம் குறையக் குறையப் பிடிப்பும் குறையும். காற்றில் கோபுரங்களே அசையக்கூடியவை என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், இப்படிக் கட்டிய கட்டை நம்பி ஒரு மனிதர் காலை வைத்தார் என்பது எனக்கு அவர் நடந்த செய்தியைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

வடத்தைப் பற்றி இன்னும் ஒன்று. புரிகளை முறுக்கிச் செய்த எஃகுக் கயிறு பாரம் ஏறும்போது தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கும். புதுக் கயிறாக இருந்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் இறுக்கத்தில் மேலே கசிந்து வழுக்கவும் செய்யும். படத்தில் பென் கிங்ஸ்லி நடித்திருக்கும் பாப்பா ரூடி என்ற முதியவர், நடப்பதைக் காட்டிலும் கட்டுவதைப் பற்றி அவ்வளவு கண்டிப்பாகப் பேசுவது இதனால்தான். அவர் கற்பனைப் பாத்திரம் என்று சிலர் நினைக்கிறார்கள். ரூடி ஒமான்கவ்ஸ்கி என்ற உண்மையான மனிதர், சர்க்கஸ் கம்பிநடைக் குடும்பமொன்றின் மூத்தவர். பெத்திக்குக் கட்டும் கலையைச் சொல்லிக் கொடுத்தவர் அவர். எனவே “கட்டினவங்க யாரு?” என்ற கேள்விக்கான பதிலில் அவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரவுக்காட்சி எழுதியது:

இரும்புவடம் அவர்கள் வேலையைப் பற்றி எழுதிவிட்டார். நான் மனிதர்களைப் பற்றி எழுதுகிறேன்.

ஜேம்ஸ் மார்ஷ் இயக்கிய ‘மேன் ஆன் வயர்’ என்ற ஆவணப்படம் 2008-இல் வந்தது. சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது. விருது மேடையில் அந்தச் சிலையைப் பெத்தி தன் மோவாயில் நிறுத்திக் காட்டியது பலருக்கு நினைவிருக்கலாம். ஜெமெக்கிஸின் படமும் ஆவணப்படமும் பெத்தி 2002-இல் எழுதிய நினைவுநூலிலிருந்து எடுத்துக்கொண்டவையே என்றாலும், ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஜெமெக்கிஸின் படத்தில் பேசுகிறவர் பெத்தி ஒருவரே. சுதந்திரதேவி சிலையின் தீபத்தருகே நின்றுகொண்டு, தொடக்கத்திலிருந்து முடிவுவரை நமக்குக் கதை சொல்கிறார். ஆவணப்படத்திலோ ஜான்-லூயி பேசுகிறார், அப்போது பெத்தியின் காதலியாக இருந்த ஆன்னி அலிக்ஸ் பேசுகிறார், பெத்தியுடன் தெற்குக் கோபுரத்தில் ஒளிந்திருந்த ஜான்-பிரான்சுவா எக்கெல் பேசுகிறார். காவலாளி வந்துவிட்டதால் அவரும் பெத்தியும் தார்ப்பாய்க்கு அடியில் மணிக்கணக்கில் அசையாமல் கிடந்ததை அவர் வாயாலேயே கேட்க முடிகிறது.

அதே கோபுரத்தின் 82-ஆவது மாடியில் அலுவலகம் வைத்திருந்த ஒரு துறையில் வேலை பார்த்தவர் பாரி கிரீன்ஹவுஸ். பாரிஸ் தெருவில் பெத்தி வித்தை காட்டியதை முன்பே பார்த்திருந்தவர் என்பதால் நியூயார்க்கில் அவரைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார்; உள்ளே நுழைவதற்கு வழி செய்தவர் அவர்தான். சாதாரண அலுவலர் ஒருவர் தன் வேலையையே பணயம் வைத்து இதற்கு உதவினார் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. வேவு பார்க்கும் நாட்களில் பெத்தியின் காலில் ஆணி ஏறியதும், ஊன்றுகோலுடன் நடக்கும் ஒருவரை எந்தக் காவலாளியும் அடையாள அட்டை கேட்பதில்லை என்று அவர் கண்டுகொண்டதும் உண்மைதான்.

உங்களுடைய மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். என்னை வருத்திய பகுதியும் அதுதான். ஜெமெக்கிஸின் படத்தில் பிரிவு இதமாக நடக்கிறது. பெத்தி நியூயார்க்கிலேயே தங்க முடிவு செய்கிறார். ஷார்லட் லு பான் நடித்த ஆன்னி, உன் கனவு நிறைவேறிவிட்டது, இனி என் கனவைத் தேட வேண்டும் என்ற பொருள்படப் பேசிவிட்டு பாரிசுக்குத் திரும்புகிறார். ஆவணப்படத்தில் அந்தப் பிரிவின் வலி மறைக்கப்படவில்லை. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து திட்டமிட்டவர்களின் நட்பு அந்தக் காலையோடு ஏறக்குறைய முடிந்துபோனதை அவர்களே சொல்கிறார்கள். ஜான்-லூயி அதைப் பேசும்போது அழுதுவிடுகிறார். முப்பத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்தும் அந்தக் கண்ணீர் வற்றவில்லை என்பதைப் பார்த்தபோது, அவர் அழுதது நட்பு போனதற்காக மட்டும் இருக்காது, கண் முன்னே நடந்த அந்த அழகுக்காகவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

கடைசியாக ஒரு செய்தியை உங்கள் தந்தையாரிடம் அவசியம் சொல்லுங்கள். ஆவணப்படம் அந்த நடையை நிழற்படங்களைக் கொண்டே காட்டுகிறது. மேகத்துக்கு நடுவே கறுப்பு உடையில் நீண்ட கழியுடன் பெத்தி நிற்கும் புகழ்பெற்ற படங்களில் பலவற்றை எடுத்தவர் ஜான்-லூயி. இரவெல்லாம் வடத்தை இழுத்த அதே கைகள்தான் விடிந்ததும் கேமராவைப் பிடித்தன. நடந்தவர் அந்தப் படங்களில் இருக்கிறார். இழுத்தவர் இல்லை, ஏனென்றால் அவர் கேமராவுக்குப் பின்னால் நின்றார்.

மூன்றாம்வரிசை எழுதியது:

மேலே எழுதியவர்களின் கருத்தில் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் ஜெமெக்கிஸின் படத்துக்காக நான் சற்று வாதாட வேண்டும்.

அதைத் திரையரங்கில் முப்பரிமாணத்தில் பார்த்தவன் நான். வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கும் படமும் அதுவும் ஒன்றல்ல. பெத்தி முன்காலை வடத்தில் வைத்து, பின்காலைக் கட்டடத்திலிருந்து எடுக்கத் தயங்கும் அந்த வினாடியில் என் அடிவயிறு கலங்கியது. என் பக்கத்தில் இருந்த பெண்மணி கண்களை மூடிக்கொண்டார். படம் வெளிவந்த நாட்களில் சில ஊர்களில் பார்வையாளர்களுக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வந்ததாகச் செய்திகள் வந்தன. அவற்றை நான் முழுமையாக நம்புகிறேன். அந்தக் கோபுரங்கள் 2001-இல் தகர்ந்துவிட்டன. மான்ட்ரியல் நகரத்து அரங்கில் உச்சியின் ஒரு பகுதியை மட்டும் கட்டி, மற்ற அனைத்தையும் கணினியில் வரைந்து, இல்லாத இரண்டு கட்டடங்களின் மேல் நம்மைக் கொண்டு போய் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த உயரத்தை எந்த நிழற்படத்தாலும் நமக்குள் இறக்க முடியாது. ஆவணப்படம் நமக்கு அந்த மனிதர்களைக் கொடுக்கிறது. நாடகப்படம் அந்த 45 நிமிடங்களைக் கொடுக்கிறது. அவர் எட்டு முறை குறுக்கே நடந்ததும், வடத்தின் மேல் மண்டியிட்டு வணங்கியதும், படுத்துக்கொண்டதும், இரு பக்கமும் காவலர்கள் காத்து நிற்கத் திரும்பித் திரும்பி நடுவுக்குப் போனதும் உண்மையாக நிகழ்ந்தவை. கைது செய்யப் போன காவல்துறை சார்ஜென்ட் சார்லஸ் டேனியல்ஸ், அவரை நடப்பவர் என்று சொல்வது பொருந்தாது, ஆடுபவர் என்றே சொல்ல வேண்டும் என்று பத்திரிகையாளர்களிடம் கூறினார். பிடிக்கப் போனவரையே அப்படிச் சொல்ல வைத்தது எது என்பதை இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன்.

பெத்தி நேரடியாக நம்மைப் பார்த்துப் பேசுவதைப் பலரும் குறை சொல்கிறார்கள். முதல் அரைமணி நேரத்தில் அது எனக்கும் சற்று அதிகமாகத்தான் பட்டது; நடிகரின் பிரெஞ்சு உச்சரிப்பும் காதை உறுத்தியது. ஆனால் பெத்தி அடிப்படையில் ஒரு தெருவித்தைக்காரர். பாரிசில் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் வரைந்து, அதற்குள் நின்று பந்து வீசி, ஊமைக்கூத்து ஆடி, தொப்பியில் காசு வாங்கியவர். கூட்டத்தின் கண்ணைப் பார்த்துப் பேசுவதே அவருடைய தொழில். அவருடைய கதையை அவருடைய வாயாலேயே சொல்ல வைத்தது இயக்குநரின் சரியான முடிவு என்று கருதுகிறேன். நண்பர்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது அந்த முடிவுக்கு அவர் கொடுத்த விலை. அந்த விலை சற்றுக் கூடுதல்தான் என்பதை இந்த உரையாடலைப் படித்த பின் ஒப்புக்கொள்கிறேன்.

பாப்பா ரூடி சொல்லும் ஒரு பாடமும் எனக்கு நெஞ்சில் நிற்கிறது. கம்பிநடைக்காரர்கள் பெரும்பாலும் விழுவது நடுவில் இல்லை, கடைசி மூன்று அடிகளில்தான். வந்து சேர்ந்துவிட்டோம் என்று மனம் அவிழ்ந்துவிடுகிறது என்பார் அவர். படம் முடியும் விதத்திலும் இயக்குநர் அந்தக் கடைசி மூன்று அடிகளைக் கவனமாக வைத்திருக்கிறார். கோபுரங்களின் பார்வைமாடத்துக்கு எந்நாளும் செல்லும்படி கொடுத்த அனுமதிச்சீட்டைப் பற்றிப் பெத்தி சொல்லிவிட்டு மௌனமாகிறார். கோபுரங்கள் மாலை வெயிலில் மின்னி, மெல்ல இருளில் மறைகின்றன. 2001 பற்றிக் கதைக்குள் ஒரு சொல்லும் வருவதில்லை. அந்த மௌனத்தைத் தாண்டி ஒரு வசனம் வைத்திருந்தாலும் படம் அங்கே தடுக்கி விழுந்திருக்கும்.

பழஞ்சொல் எழுதியது:

சுருக்கமாக ஒன்று. நம் மொழியில் இக்கலைக்கு இருக்கும் பெயர் கழைக்கூத்து. கழை என்றால் மூங்கில், அதாவது ஆடுபவர் கையில் இருப்பதோ கயிற்றைத் தாங்குவதோ பெயராக நின்றுவிட்டது. நற்றிணையின் 95-ஆம் பாட்டில் கோட்டம்பலவனார், ஆடுமகள் நடந்த கயிற்றைச் சொல்லும்போது ‘கொடும்புரி நோன்கயிறு’ என்கிறார். வளைந்து முறுக்கிய புரிகளையுடைய வலிய கயிறு என்பது பொருள். நடந்தவளை ‘ஆடுமகள்’ என்ற ஒரே சொல்லில் சொல்லிவிட்டுக் கயிற்றுக்கு மட்டும் முறுக்கும் வலிமையும் சேர்த்து அடைகொடுத்த அந்தப் புலவர், நீர்க்கோடு அவர்களின் தந்தையாரைப் போலக் கயிற்றைப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். சார்ஜென்ட் டேனியல்ஸும் நடப்பவர் என்பதை விட்டு ஆடுபவர் என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்தார் என்று மேலே படித்தபோது அந்தப் பாட்டுதான் நினைவுக்கு வந்தது.

இரும்புவடம் எழுதியது:

கழியைப் பற்றி நான் எழுத மறந்துவிட்டேன். பெத்தி பிடித்திருந்தது ஏறத்தாழ 8 மீட்டர் நீளமும் 25 கிலோ எடையும் கொண்டது. அந்த நீளம் இருப்பதால் உடல் ஒரு பக்கம் சாயத் தொடங்கினாலும் உடனே கவிழ்ந்துவிடாது. சாய்வு மெதுவாகும், திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். முனைகள் கீழ்நோக்கி வளைவதால் மொத்த எடையின் மையமும் சற்றுத் தாழ்கிறது. ஆனால் முக்கால் மணி நேரம் 25 கிலோவைக் கையில் ஏந்தி நிற்பது எத்தகைய வேலை என்பது சுமை தூக்கியவர்களுக்குத் தெரியும். அதுவும் முந்தைய இரவு முழுக்கத் தூங்காமல்!

நீர்க்கோடு எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வடம் கைமீறி ஓடிய பகுதியைப் படித்தபோது என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு, வாய்க்கால் ஒன்றுக்குக் குறுக்கே கம்பி இழுக்கையில் டிரம் தானாகச் சுழன்று ஓடியதையும், உடன் வேலை செய்தவர் ஒருவர் கட்டையைக் குறுக்கே போட்டு அதை நிறுத்தியதையும் சொன்னார். இந்தக் கதையை இத்தனை ஆண்டுகளில் அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. அந்த மனிதரின் உள்ளங்கையில் தோல் உரிந்து போயிருந்தது என்பதையும், மறுநாளும் அவர் வேலைக்கு வந்தார் என்பதையும் இரண்டு முறை சொன்னார்.

நேற்றிரவு ஆவணப்படத்தைப் பார்த்தோம். ஜான்-லூயி அழும் இடத்தில் அப்பா எதுவும் பேசவில்லை. பிறகு அந்த நிழற்படம் வரும்போது நிறுத்தச் சொல்லி, எழுந்து போய், திரைக்கு அருகே நின்று, வடத்திலிருந்து பிரியும் கயிறுகளை விரலால் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணினார். மூன்றாம்வரிசை அவர்கள் எழுதியதற்காக ‘தி வாக்’ படத்தை மறுபடி பார்க்கவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை, அம்பு எய்யும் இடத்திலிருந்து போட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.